சண்டையின் மொழி தெரிந்த ஒருவர்

(கசார்வாடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கசார்வாடி நிலையத்தில் புனே லோக்கல் ஏறினால் தாபோடி, கட்கி, அடுத்தது சிவாஜிநகர். அங்கே குடும்பநல நீதிமன்றம் இருக்கிறது. நாடாளுமன்றம் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தை 1984இல் இயற்றியது. மகாராஷ்டிரத்தில் 1989இல் புனேயிலும் மும்பையிலும் அந்த நீதிமன்றங்கள் வேலையைத் தொடங்கின. அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வழக்கை விசாரிக்கும் முன் இரு தரப்பும் இணங்கிவர வழியுண்டா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்கிறது. 6ஆம் பிரிவு, அதற்கு ஆலோசகர்களை நியமிக்கச் சொல்கிறது. மகாராஷ்டிரம் அவர்களை முழுநேர ஊழியர்களாகவே வைத்தது. வேறு சில மாநிலங்களில் அமர்வுக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம்தான்.

அரசு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டது. அதில் உட்காரப் போகிறவருக்கு எங்கே, யார், எப்படிப் பயிற்சி கொடுப்பது என்ற கேள்விக்குச் சட்டம் வந்து நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் நம்மிடம் தெளிவான பதில் இல்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

இது சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்க்கச் சொல்வேன். அந்த ஓராண்டில் நாட்டில் 1,70,924 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். முதலிடம் மகாராஷ்டிரம், 22,746 பேர். அடுத்தது தமிழ்நாடு, 19,834 பேர். புனேத் தமிழர்களாகிய நாம் பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் அடுத்தடுத்து நிற்கின்றன. காரணங்களின் பட்டியலில் முதலில் இருப்பது 'குடும்பப் பிரச்சினைகள்', 31.7 விழுக்காடு. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்று எப்போதும் இருப்பதில்லை, காவல்துறை எழுதும் காரணம் முழு உண்மையும் ஆகாது. ஆனாலும் அந்த மனிதர்களில் பலர் கடைசியாக மோதி நின்ற இடம் எது என்பதை அந்த எண் சொல்கிறது.

புனேக்காரர்களாகிய நமக்கு இந்தத் துறையில் ஒரு முன்னோடிக் குடும்பம் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன்.

தோண்டோ கேசவ் கார்வே 1893இல் கோதுபாய் என்ற விதவைப் பெண்ணை மணந்தார். அதற்காக உறவாலும் ஊராலும் ஒதுக்கப்பட்டார். பெண்கள் கல்விக்காக வாழ்ந்த அவருக்கு 1958இல் பாரத ரத்னா கிடைத்தது. அவருடைய மூத்த மகன் ரகுநாத் தோண்டோ கார்வே கணிதப் பேராசிரியர். 1921இல் மும்பையில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். இந்தப் பணியால் பேராசிரியர் வேலை போயிற்று. 1927இல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கி, 1953இல் இறக்கும்வரை நடத்தினார். கணவன் மனைவியிடம் கேட்க முடியாததை, மனைவி தாயிடம் கேட்க முடியாததை வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள், அவர் பதில் எழுதினார். ஆபாசம் என்று வழக்கு வந்தபோது அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் டாக்டர் அம்பேத்கரும் ஒருவர். பின்னாளில் நம் தமிழ்த் தொலைக்காட்சியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் பாலியல் ஐயங்களுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொன்னபோது, அந்தக் கேள்விகள் இன்னும் தீரவில்லை என்பது தெரிந்தது.

அதே வீட்டுக்கு மருமகளாக வந்தவர் இராவதி கார்வே. டெக்கான் கல்லூரியில் மானிடவியல் கற்பித்தார். 1953இல் வெளியான அவருடைய 'இந்தியாவில் உறவுமுறை அமைப்பு' என்ற ஆங்கில நூல், யார் யாரை மணக்கலாம், மணமான பெண் எந்த வீட்டில் யாருக்கு என்ன உறவு என்பதை நாடு முழுவதும் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக் காட்டியது. தோண்டோ கார்வேயின் பெயரைத் தாங்கிய சமூகப்பணிக் கல்வி நிறுவனம் 1963 முதல் கோத்ருடு பக்கம் நடக்கிறது. நம் பகுதியில் குடும்பங்களோடு வேலை செய்யப் போகிறவர்கள் பலர் படித்த இடம் அது.

இராவதி அம்மையாரை இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. குடும்ப சிகிச்சை படிக்கும் மாணவர் முதலில் கற்பது மூன்று தலைமுறை வரைபடம் போடுவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு ஒரு கோடு, பிள்ளைகளுக்குக் கீழே கோடுகள். மேலைநாட்டுப் பாடநூலில் கணவன் குடும்பம் இடப்பக்கம், மனைவி குடும்பம் வலப்பக்கம் என்று தனித்தனியே இறங்கி வந்து நடுவில் ஒரே இடத்தில்தான் சந்திக்கும். நம் வீடுகளில் அப்படி இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. அத்தை மகனை மணந்த பெண்ணுக்கு மாமியாரே அத்தை. அவள் அப்பாவோடு கூடப் பிறந்தவள். தாய்மாமனையே மணந்தவளுக்கு மாமியார் அம்மாச்சியாகவும் இருப்பார். அத்தை மகனை மணந்தவள் "இந்த வீட்டில் இனி இருக்க மாட்டேன்" என்று சொன்னால் ஒரு கணவனை மட்டும் விட்டுப் போவதாக ஆகாது. தன் அப்பாவையும் அவருடைய அக்காவையும் ஒருவரோடு ஒருவர் பேச முடியாதபடி ஆக்குகிறாள். அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் பத்து வருடம் வாய் திறப்பதில்லை. மராத்திக் குடும்பங்களிலும் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் உண்டு. கணவனை விட்டு விலகுவது தனி மனித முடிவு என்று மட்டும் படித்துவிட்டு வரும் ஆலோசகருக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவள் ஏன் தயங்குகிறாள் என்றே புரியாது. அவளைத் தைரியமில்லாதவள் என்று எண்ணிவிடுவார்.

குடும்பத்தை மருத்துவத்தில் ஒரு பங்காளியாகப் பார்ப்பதில் நம் நாட்டுக்கு நல்ல வரலாறு உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் ஊழியர் பற்றாக்குறையால் தவித்தார். நோயாளியின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். அவர்களைக் கூட்டி உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசினார். நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள், வீட்டார் பயம் தெளிந்து அழைத்துப் போனார்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் அதே பத்தாண்டிலிருந்து, நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூட இருக்கும் முறையைக் கைக்கொண்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் குடும்ப மனநலத்துக்கென்றே தனி மையம் நடக்கிறது. முழுக் குடும்பமும் வந்து தங்கிச் சிகிச்சை பெறும் இடம் அது.

அமெரிக்காவில் பாதை வேறு மாதிரிப் போயிற்று. 1940களின் இறுதியிலும் 50களிலும் அங்கே சில அறிஞர்கள், மகனுக்கு மனச்சிதைவு வரக் காரணம் தாயின் நடத்தைதான் என்று எழுதினார்கள். அந்தக் கருத்து தவறென்று பின்னர் கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் நோயுற்ற பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, பழியையும் சுமந்தார்கள். குடும்ப சிகிச்சை படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்தத் தவற்றை முதல் பருவத்திலேயே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடும்பத்துக்குள் நுழையும் படித்தவர் அங்கே குற்றவாளியைத் தேடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

அதே நாட்டில்தான் குடும்ப சிகிச்சை முன்னோடி சால்வடோர் மினுச்சினும் வேலை செய்தார். 1960களில் நியூயார்க் ஏழைக் குடும்பங்களோடு பழகி, பிறகு ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் நல மையத்துக்குப் போனார். அங்கே அவரும் சகாக்களான ஜே ஹேலியும் பிராலியோ மொண்டால்வோவும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். பட்டப்படிப்பு இல்லாத, அந்தத் தெருக்களிலேயே வாழ்ந்த கறுப்பின, எளிய மக்களைத் தேர்ந்தெடுத்துக் குடும்ப ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அப்பால் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். இப்பால் பயிற்சி பெறுபவர் ஒரு நிஜக் குடும்பத்தோடு பேசுவார். தடுமாறினால் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொல்வார், சில சமயம் எழுந்து உள்ளேயே வந்துவிடுவார். நம் நாட்டில் கோவாவின் சங்காத் நிறுவனமும் பட்டம் பெறாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சியளித்து மனச்சோர்வுக்கு ஆலோசனை தரச் செய்தது. அந்த ஆய்வுகள் 'லான்செட்' இதழில் வெளியாகி உலகக் கவனம் பெற்றன.

இவற்றை வைத்துப் பட்டம் தேவையில்லை என்று சொல்லிவிடக் கூடாது. மினுச்சின் விட்டுக்கொடுக்காத ஒன்று இருந்தது: அனுபவமுள்ள ஒருவரின் கண்முன்னே நிஜக் குடும்பத்தோடு உட்கார்ந்த மணிநேரங்கள். கலிஃபோர்னியாவில் இன்றும் ஒருவர் முதுகலைப் பட்டம் பெறுவதோடு, திருமண, குடும்ப சிகிச்சையாளர் உரிமம் வாங்க மேற்பார்வையின் கீழ் மொத்தம் 3,000 மணிநேரம் பணியாற்றிக் கணக்குக் காட்ட வேண்டும்.

நம் நிலைமை என்ன? முன்வரிசையில் இருக்கும் கல்லூரி மாணவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தியாவில் திருமண, குடும்ப சிகிச்சைக்கென்று தனி உரிமம் இல்லை. சமூகப்பணி முதுகலையில் குடும்பம், குழந்தை நலம் அல்லது மருத்துவ, மனநலப் பிரிவு எடுக்கலாம்; உளவியல் முதுகலையும் ஒரு வழி. மகாராஷ்டிரத்தில் குடும்பநல நீதிமன்ற ஆலோசகர் வேலைக்குச் சமூகப்பணி முதுகலையும் அனுபவமும்தான் வாசல். ஆழமாகப் போக விரும்பியவர்கள் இதுவரை மருத்துவமனையோடு இணைந்த இரண்டாண்டு எம்.ஃபில். படித்தார்கள், மருத்துவ உளவியலிலோ மனநலச் சமூகப்பணியிலோ. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு இந்த இரண்டுக்கு மட்டும் 2025–26 வரை அவகாசம் கொடுத்தது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். மற்ற ஆலோசகர்களை ஒழுங்குக்குள் கொண்டுவர 2021இல் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் வந்தது. அது நடைமுறையில் வேரூன்றும்வரை, வார இறுதி வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கியவரும் 'மேரேஜ் கவுன்சிலர்' என்று பலகை மாட்டலாம். சேருமுன் கல்லூரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு ஆண்டில் நான் எத்தனை குடும்பங்களோடு உட்காருவேன், அப்போது என்னைப் பார்த்துத் திருத்தப்போவது யார்? பெயரும் எண்ணும் சொல்லத் தெரியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

தனி ஒருவருக்கு ஆலோசனை சொல்லப் பழகியவர் குடும்பத்தின் முன் ஏன் திணறுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் அவர் பக்கம் நிற்பது எளிது. நான்கு பேர் உட்கார்ந்தால் நீங்கள் யாரைப் பார்த்துத் தலையசைத்தீர்கள் என்பதை மற்ற மூவரும் கவனிக்கிறார்கள். கணவன் பேசும்போது மாமியார் வாயைப் பார்க்க வேண்டும், மனைவி கையைப் பார்க்க வேண்டும், மூலையில் மொபைலில் மூழ்கியதுபோல் இருக்கும் பையனின் காதையும் மறக்கக் கூடாது. நம்மவர்களுக்கு இன்னொரு பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. வயதில் மூத்தவர் நடுவில் உட்கார்ந்தாலே தீர்ப்புச் சொல்லிவிடுவார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா", "தம்பி, நீயும் விட்டுக்கொடு". இந்த இரண்டு வாக்கியங்களும் நாக்கின் நுனியில் வந்து நிற்கும்போது அடக்கிக்கொள்ள ஒரு பருவப் படிப்பு போதாது.

குறிப்பாக அடி, உதை உள்ள வீடுகளில் இந்தப் பழக்கம் உயிரைக் குடிக்கும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதிபதி ஆலோசனைக்கு அனுப்பலாம். அதற்கான 2006ஆம் ஆண்டு விதிகள், ஆலோசனையின்போது எதிர்த்தரப்பு தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க இடமில்லை என்றும், அதை முன்கூட்டியே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்றும் சொல்கின்றன. "அவ எதிர்த்துப் பேசினா, அதான் அடிச்சேன்" என்ற பேச்சுக்கே அந்த அறையில் இடம் இல்லை. நல்ல ஆலோசகர் எந்தத் தம்பதியையும் சேர்த்து உட்காரவைக்கும் முன் இருவரையும் தனித்தனியே பார்ப்பார். "இங்க நீங்க சொன்னதுக்கு வீட்டுக்குப் போனதும் ஏதாவது நடக்குமா?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்பார். பதில் தலைகுனிவாக இருந்தால் கூட்டு அமர்வு கிடையாது. அப்போது வேண்டியது பாதுகாப்பு அதிகாரியும் காவல்துறையும். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1984இல் மும்பைக் காவல்துறையோடு சேர்ந்து தொடங்கிய பெண்கள் சிறப்புப் பிரிவில் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர்கள் காவல் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்தது இதற்காகத்தான். பின்னர் அந்த முறை மாநிலமெங்கும் பரவியது.

இனி நம் ஊர் விஷயம். பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954இல் வந்தது. தொடர்ந்து வந்த ஆலைகளை நம்பியும், கட்கி, தேஹு ரோடு ராணுவக் கிடங்குகளை நம்பியும் தமிழர்கள் இந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் குடியேறினார்கள். இன்றைக்கு ஹிஞ்சவடி கணினி நிறுவனங்களுக்கு வருகிறவர்கள் இன்னொரு அலை. ஆண்கள் வேலையிடத்தில் ஹிந்தியும் மராத்தியும் கற்றுக்கொள்கிறார்கள். திருமணமாகி நேரே ஊரிலிருந்து வந்த பெண்கள் பலருக்குக் காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்குத்தான் மொழி வரும். பிள்ளைகளோ பள்ளியில் மூன்று மொழியும் பேசுகிறார்கள்.

அடையாளங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன். ஓர் ஆலோசனை அறைக்குத் தாய் போகிறாள். துணைக்குப் பத்து வயது மகள். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது, நல்ல மனம் கொண்ட மராத்திப் பெண். தாய் சொல்கிறாள்: "குடிச்சிட்டு வந்து கையைப் பிடிச்சு முறுக்குறார்னு மேடத்துக்கிட்ட சொல்லு." மகள் ஒரு நொடி யோசிக்கிறாள். அப்பாவும் வேண்டும், அம்மாவும் வேண்டும். ஹிந்தியில் சொல்கிறாள்: "பப்பாவுக்குச் சில நேரம் கோபம் வரும்." ஆலோசகர் அதைத்தான் எழுதிக்கொள்கிறார். கோபத்தை அடக்கும் வழிகளைச் சொல்லி, அந்தக் குழந்தையின் வாயாலேயே அம்மாவுக்குத் திருப்பி அனுப்புகிறார். தாயின் துன்பம் பதிவாகவில்லை. பெற்றோரின் படுக்கையறைச் சண்டையை ஒரு குழந்தை சுமக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சிறுமியை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து வயதில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். குழந்தையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்கக் கூடாது என்பதை ஆலோசகருக்கு யாரும் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் அந்த நேரத்தில் கூப்பிட இன்னொருவர் இல்லை.

டெலி மானஸ் 14416 என்ற அரசு உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் இயங்குகிறது. அவசரத்தில் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஆனால் தொலைபேசியில் ஒருவர் பேசலாம்; குடும்பம் மொத்தமும் ஒரே அறையில் உட்காருவதற்கு அது ஈடாகாது. மனிதர்கள் கணக்கை எந்த மொழியிலும் பேசிவிடுவார்கள். சண்டை மட்டும் தாய்மொழியில்தான் வரும். அதுவும் நெல்லைச் சண்டை வேறு, தருமபுரிச் சண்டை வேறு. "சரிங்க" என்று ஒரு மருமகள் சொன்னதில் இருக்கும் சம்மதம் எவ்வளவு, வெறுப்பு எவ்வளவு என்று காதால் அளக்கத் தெரிந்த ஒருவர் இந்தப் பகுதியில் வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நம்மவர் ஒருவரே ஆலோசகர் என்றால், பொங்கல் விழாவில் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். நம் குடும்பத்துக்குள் நடப்பது தெரிந்தவர் நமக்குப் பாயசம் பரிமாறுவார். பயந்துபோய் யாரும் வரமாட்டார்கள். நீதிமன்ற ஆலோசகரிடம் சொன்னது வெளியே போகாது, சாட்சியாகவும் அவரைக் கூப்பிட முடியாது என்ற காப்பு மகாராஷ்டிர விதிகளில் உண்டு. தனியார் ஆலோசகர் விஷயத்தில் அந்தக் காப்பு அவருடைய பயிற்சியும் நேர்மையும்தான். எனவே அவர் தெரிந்த குடும்பத்தை ஏற்காமல் வேறொருவரிடம் அனுப்பக் கற்றிருக்க வேண்டும். ஆகவே ஒருவர் போதாது. இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் பிம்ப்ரிப் பக்கம், ஒருவர் கட்கிப் பக்கம்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சொற்பொழிவுக்கும் பரிசுக் கேடயங்களுக்கும் செலவாகும் வட்டியில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். பட்டதாரித் தமிழ்ப் பிள்ளைகளில் இருவரைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கிக் கடன் கிடைக்கும். முதுகலை முடிந்த பிறகான இரண்டு ஆண்டுகளுக்கு யாரும் பணம் தருவதில்லை. அனுபவமுள்ள ஒருவர் வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து, அந்த வாரம் பார்த்த குடும்பங்களைப் பற்றிப் பேசும் மேற்பார்வைக் கட்டணத்தை நீங்கள் கொடுங்கள். மேற்பார்வையாளர் தமிழராக இருக்க வேண்டியதில்லை. மராத்தி தெரிந்த நல்ல ஆசிரியர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், மாணவர் தமிழில் நடந்ததை அவர்களுக்கு மராத்தியில் விளக்கும்போதே பாதி தெளிந்துவிடும். கட்டணம் கொடுக்க முடியாத வீடுகளுக்கு வாரத்தில் ஒரு மாலை இலவசம் என்பதை மட்டும் நிபந்தனையாக வையுங்கள்.

ஆண்டு முடிவில் அவர்களிடம் அறிக்கை கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். அதில் எத்தனை குடும்பம், எத்தனை அமர்வு, எத்தனை மணிநேர மேற்பார்வை என்ற எண்கள் இருக்கட்டும். எந்தத் தெரு, என்ன பிரச்சினை என்று ஒரு வரிகூட வேண்டாம். இந்த மண்டபத்தில் அந்த அறிக்கையை வாசிக்கும்போது, தங்கள் கதை அதில் இல்லை என்று இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாக் குடும்பங்களும் நம்பும்படி இருக்க வேண்டும்.

 கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. மாணவர்கள் முதலில் கேளுங்கள்.